எந்தக் கணினி மொழியைப் படிப்பது? கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்



ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளும், கடையில் கணக்குப் பார்க்கும் சகோதரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சேர், கொம்பியூட்டர் லேங்குவேஜ் ஒன்று படிக்க வேணும். எதைப் படிக்கலாம்?"

இவர்களில் பலருக்கு மென்பொருள் கம்பனியில் சேரும் எண்ணம் இல்லை. கையில் இருக்கும் வேலை லேசாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு வகுப்பில் காசைக் கட்டி, பாதியில் விட்டுவிட்டு, "இது நமக்குச் சரிவராது" என்று ஒதுங்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் மூளை குறைவில்லை. வேலைக்குப் பொருந்தாத மொழியைத் தேர்ந்ததுதான் பிழை.

கதையை பக்தாதிலிருந்து தொடங்குவோம். கலீபா மஃமூன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், பைத்துல் ஹிக்மாவில் இருந்த அறிஞர் அல்-குவாரிஸ்மி. 'அல்கோரிதம்' என்ற சொல் அவருடைய பெயரிலிருந்து வந்தது. 'அல்ஜிப்ரா' அவருடைய நூலின் பெயரிலிருந்து வந்தது. அந்த நூலை எதற்காக எழுதினார்? வாரிசுப் பங்கீடு, வியாபாரம், காணி அளத்தல், கால்வாய் வெட்டுதல் போன்ற மக்களின் அன்றாடத் தேவைகளுக்காக. வாரிசுரிமைக் கணக்குகளுக்கென்றே அதில் நீண்டதொரு பகுதி உண்டு. பாடசாலையில் நம்மைப் பயமுறுத்திய அட்சரகணிதம், சொத்தைச் சரியாகப் பிரிப்பதற்கு உதவியாக எழுதப்பட்டது!

கணினி மொழிகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வேலைக்காகப் பிறந்தது.

1957இல் வந்த ஃபோர்ட்ரான் விஞ்ஞானக் கணக்குகளுக்கானது. சில ஆண்டுகளில் வந்த கோபோல், அலுவலகச் சம்பளப் பட்டியலுக்கும் கணக்குகளுக்கும். இரண்டுமே அதற்கென வேலை செய்பவர்களின் கையில்தான் இருந்தன.

1964இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரண்டு கணித ஆசிரியர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். விஞ்ஞானம் படிக்காத மாணவரும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்று பேசிக் மொழியை உருவாக்கினார்கள். சாதாரண மனிதருக்குக் கதவு திறந்தது அங்கேதான். 1970இல் சுவிட்சர்லாந்தில் நிக்லாவுஸ் விர்த் பஸ்காலை வெளியிட்டார். அதன் நோக்கம் ஒழுங்காகச் சிந்திக்கக் கற்பிப்பது. நம் பிள்ளைகள் சாதாரண தரத்தில் படிப்பது அதைத்தான்.

1979இல் வந்த விசிகல்க் என்ற விரிதாள், மொழியே படிக்காதவரையும் கணினியிடம் வேலை வாங்க வைத்தது. எக்செல் அதன் வழியில் வந்ததுதான். ஒரு கட்டத்தில் சூத்திரம் எழுதுவதும் நிரல் எழுதுவதுதான், நாம் அப்படி நினைப்பதில்லை.

அடுத்து நெதர்லாந்து. ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆய்வு நிலையத்தில் ஏபிசி என்ற மொழியைச் செய்தார்கள். படிக்க மிக இலகு. ஆனால் கணினியில் இருக்கும் கோப்புகளை அதனால் நேரடியாகத் தொட முடியவில்லை. மொழி பரவவில்லை. அதில் வேலை செய்த கீடோ வான் ரொஸ்ஸும், 1989 டிசம்பர் விடுமுறையில் புதிய மொழி ஒன்றைத் தொடங்கினார். ஏபிசியின் இலகுவை எடுத்துக்கொண்டார், அதன் குறையை விட்டுவிட்டார். 1991இல் வெளிவந்த அந்த மொழிதான் பைத்தன். இன்று நம் உயர்தர மாணவர்கள் படிப்பது. பெயர் பாம்பிலிருந்து வந்ததல்ல, ஒரு பிரித்தானிய நகைச்சுவை நிகழ்ச்சியிலிருந்து வந்தது.

இந்தக் கதையில் நமக்குள்ள பாடம் இதுதான்: இலகுவாக இருந்தால் மட்டும் போதாது, நம் கோப்பை, நம் பட்டியலைத் தொடக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஆகவே மொழியைத் தேடுமுன் வேலையை எழுதுங்கள். ஒரு வகுப்பின் புள்ளிப் பட்டியலா, கடையின் நாளாந்தக் கணக்கா, பள்ளிவாசல் சந்தாவா? முதலில் விரிதாளை ஒழுங்காகப் படியுங்கள். அதுவே பலருக்குப் போதும். எக்செல்லில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்களா? அதற்குள்ளேயே விபிஏ இருக்கிறது. கூகுள் விரிதாளில் என்றால் அப்ஸ் ஸ்கிரிப்ட். நூற்றுக்கணக்கான கோப்புகளைப் பெயர் மாற்ற வேண்டும், பல பட்டியல்களை ஒன்றாக்க வேண்டும் என்றால் பைத்தன். அதைத் தரவிறக்கக் காசு வேண்டாம். இணையப் பக்கம் செய்ய ஆசை என்றால் ஜாவாஸ்கிரிப்ட்.

நாம் ஆசிரியர்கள் தவணை முடிவில் இரவிரவாகக் கூட்டிப் பார்த்தும், ஒரு இலக்கம் தவறி, முதலாம் பிள்ளை மூன்றாம் இடத்துக்குப் போன சம்பவம் நமக்குத் தெரியும். அறிக்கையைத் திருத்தலாம். அந்தப் பிள்ளை வீட்டில் அழுத அழுகையைத் திருத்த முடியாது. கணக்கு ஓர் அமானிதம். அதைச் சரியாகச் செய்ய உதவும் எதையும் படிப்பது வீண் அல்ல.

ஒரு மொழி, ஒரு சின்ன வேலை, ஒரு மாதம். அந்த வேலை முடிந்த பிறகு அடுத்ததைப் பார்ப்போம். உங்கள் வேலை என்னவென்று கீழே எழுதுங்கள், சேர்ந்து யோசிப்போம்.

பயனுள்ள அறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.