யாழ்ப்பாணத்துத் தாயின் மரண சாதனம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமமொன்றிலே தாயொருத்தி இறந்தபின் பிள்ளைகள் பங்கிடுவதற்கு எஞ்சியிருக்கும் அவளது ஆதனம் பெரும்பாலும் சொற்பமே. குடியிருந்த வளவு ஒரு மகளுக்கும், தோட்டக்காணியும் கிணற்றுப் பங்கும் இன்னொருத்திக்கும், பனங்காணி வேறொருத்திக்குமாக அவள் உயிரோடிருக்கும்போதே சீதன உறுதிகளில் ஏறிவிடும். தாய்க்கென்று மிஞ்சுவது அவ்வுறுதியில் ஒதுக்கப்பட்ட சீவிய உரித்து மட்டுமே. ஆகவே இம்மண்ணில் ஒரு தாய் மரண சாதனம் எழுதுகிறாள் எனின், வழமையான வழி எங்கோ அடைபட்டுவிட்டது என்று கொள்ளலாம். அச்சாதனத்தின் வரலாற்றை நோக்குவோர்க்கு வியப்பானதொன்று புலப்படும். மணமான யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குத் தன் நிலத்தின்மீது எவரையும் கேளாது தீர்ப்புச் சொல்லும் உரிமை, அவள் இறப்பின்பின் நடைமுறைக்கு வரும் அந்த ஒரு தாளிலேயே வழங்கப்பட்டிருந்தது.

ஒல்லாந்தத் தேசாதிபதி கொர்னேலிஸ் ஜோன் சீமோன்ஸின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழமைகளைத் திரட்டி 1707இல் நிறைவுசெய்தார். அத்தொகுப்பு தமிழாக்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் அதனைச் சரியென ஏற்றனர். இதுவே தேசவழமை. தாயின் உரிமையும் மகளின் உரிமையும் இதில் விரிவாகப் பேசப்படினும், பேசியோரும் கேட்டோரும் ஆடவரே என்பது மனங்கொள்ளத்தக்கது.

தேசவழமை ஆதனத்தை மூன்றாக வகுக்கும். கணவன் கொண்டுவருவது முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். இருவரும் மணவாழ்வில் ஈட்டுவது தேடியதேட்டம். பண்டைநாளில் முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றதெனவும், போர்த்துக்கேயர் காலத்தில் இவ்வொழுங்கு குலைந்து மூவகை ஆதனத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் பழக்கம் வந்ததெனவும் தொகுப்பே கூறுகின்றது. தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் இந்த ஓட்டத்தைக் கண்டு, எச். டபிள்யூ. தம்பையா முதலியோர் மலையாள நாட்டு மருமக்கள்தாயத்தோடு இதனைத் தொடர்புபடுத்தினர். அத்தொடர்பை மறுக்க இக்கட்டுரை முயலவில்லை. எனினும், ஆதனம் பெண்வழியே செல்லுதல் வேறு, பெண் அதனை ஆளுதல் வேறு. நம்மவர் மேடைகளில் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பழம்பெருமை பேசுவதை அடிக்கடி கேட்கின்றோம்.

நன்கொடை பற்றிய விதி இவ்வேறுபாட்டை நன்கு காட்டும். கணவன் தன் முதுசத்தில் பத்திலொரு பங்கை மனைவி மக்களின் சம்மதமின்றியே தன் உறவினருக்குக் கொடுக்கலாம். மனைவியோ கணவனின் சித்தத்துக்கு உட்பட்டவளாதலின், அவன் சம்மதமின்றி எதனையும் கொடுத்தல் இயலாது. சீதனம் அவள் பெயரில் இருந்தது. கொடுக்கும் கை அவளுடையதன்று.

கைம்பெண்ணான பின்னரே நிலை சற்று மாறியது. தந்தை முன்னே இறப்பின், தாய் முழு ஆதனத்தையும் தன் வசம் வைத்திருந்து பெண்மக்களுக்குச் சீதனம் கொடுப்பாள். அவள் உள்ளளவும் ஆண்மக்கள் பங்கு கேட்டல் ஆகாது. தேசவழமையில் தாய்க்குக் கிடைத்த அதிகாரங்களுள் இதுவே பெரிது. ஆனால் அதுவும் குடும்பத்தின் பொருட்டுக் காத்துக் கொடுக்கும் அதிகாரமேயன்றி, தன் விருப்பப்படி பகிரும் அதிகாரமன்று. பிள்ளையற்றோர் மஞ்சள்நீர் குடித்துத் தத்தெடுக்கும்போதுகூட உரித்துக்காரரின் சம்மதம் வேண்டப்பட்டது. தனியொருவர் இறப்பின்பின் தன் சித்தம் நிறைவேறவேண்டும் என எழுதிவைக்கும் எண்ணத்துக்கு இத்தகைய அமைப்பில் இடமில்லை. தேசவழமைத் தொகுப்பில் மரண சாதனம் பற்றிய பகுதியே இல்லாமை இதனாற்போலும்.

ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் பிரமாணத்தால் தேசவழமைக்குச் சட்ட வலு அளித்தனர். பின்னர் அவர்களே அதன் அடித்தளத்தை அசைத்தனர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் கட்டளைச் சட்டம் மரண சாதனம் எழுதும் முறையை வகுத்தது: நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் ஒப்பமிடவேண்டும், நொத்தாரிசு இல்லையெனின் சாட்சிகள் ஐவரேனும் வேண்டும். 1844ஆம் ஆண்டின் 21ஆம் கட்டளைச் சட்டம், சாதனம் எழுதத் தகுதியுடைய எவரும் தம் ஆதனத்தை விரும்பியவர்க்கு விடலாம், பிள்ளைகளையும் விலக்கலாம் என்றது. உறவினர் கூடி முடிவுசெய்யும் உலகில் தனியாளின் சித்தம் இவ்வாறு நுழைந்தது.

பின்வந்த 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டமே நம் பொருளுக்கு முதன்மையானது. மணமான பெண்ணின் ஆதனம் அவளுக்கே உரியது என அது கூறியது. ஆயினும் அசையாத ஆதனத்தை உயிரோடிருக்கையில் விற்கவோ ஈடுவைக்கவோ நன்கொடை செய்யவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் நியாயமின்றி மறுப்பின் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். மரண சாதனத்துக்கோ அச்சம்மதம் வேண்டியதில்லை. அரைப்பரப்புக் காணியை விற்கக் கணவனின் கையொப்பத்துக்குக் காத்திருந்தவள், அதே காணியையும் தன் ஏனைய ஆதனம் முழுவதையும் சாதனத்தால் யாருக்கும் விடலாம். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் பொதுச் சட்டத்துக்குட்பட்ட பெண்களை இக்கட்டிலிருந்து விடுவித்தது. யாழ்ப்பாணத்துப் பெண்ணை அது உள்ளடக்கவில்லை.

இவ்வுரிமை ஏட்டளவில் நின்ற ஒன்றா எனின், ஒரு குடும்பத்தைக் கற்பனைசெய்து பார்ப்போம். மூன்று பெண்களும் ஒரு மகனும் உள்ள தாய். மூத்தவர் இருவர் சீதனத்தோடு போயினர். மூன்றாமவளுக்கு மணம் கூடவில்லை. தாயைப் பார்ப்பவள் அவளே. சீதனம் என்பது மணத்தோடு வருவதாதலின் அவளுக்கு உறுதி எழுதப்படவில்லை. தாய் சாதனமின்றி இறப்பின், அவளும் மகனும் பங்காளர் ஆவர்; சீதனம் பெற்றவர் மேலும் கேட்டல் ஆகாதென்பது பழைய தேசவழமை விதி எனினும், வழக்கென்று வந்தபின் எவரும் பேசாதிருப்பதில்லை. பிரிபடாத வளவில் ஒரு பங்கும், கிணற்றில் ஒரு முறையும், பாதையில் ஓர் உரிமையும் அவளுக்கு வரக்கூடும். பதினாறு பரப்புச் சேர்ந்தே ஓர் ஏக்கர் ஆகும் இந்நாட்டில், சில பரப்பு வளவின் ஒரு கூறு குடியிருக்கப் போதாது. இத்தகைய மகளுக்கு அடுப்பும் கூரையும் உறுதியாவது தாயின் சாதனத்தால். தந்தை உடன்படாவிடினும் தாய் தன் வளவை அவளுக்கு விடமுடியும் என்பதே இதன் பெறுமதி.

போர் இவ்வினாவைக் கூர்மையாக்கியது. ஆடவர் பலர் மாண்டனர். பலர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். மணமாகாது பெற்றோரோடு நின்ற பெண்கள் பலர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது உறுதிப் பெட்டியைத் தூக்கிச் சென்றோரும் உண்டு, விட்டுச் சென்றோரும் உண்டு. இடம்பெயர்ந்தோர் காணி ஆட்சியுரிமையால் பிறர் கைப்படாதிருக்க, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கருத்திற்கொண்டு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இயற்றப்பட்டது. அந்நியன் பிடித்த காணிக்கு அது துணை. தாய் எவருக்கு என்ன விரும்பினாள் என்பதற்கு அது விடையன்று. அவ்விடைக்குச் சாதனமே வேண்டும். சாதனத்தை நீதிமன்றில் நிறுவச் சாட்சிகள் வேண்டும். ஒருவர் ரொறன்ரோவிலும் ஒருவர் வன்னி மண்ணுக்கடியிலும் இருப்பின், எழுதியவளின் கையெழுத்தை இனங்காட்டுவதற்கு ஊரில் எஞ்சியிருப்பவர் சில வேளை அவ்வளவில் குடியிருக்கும் மகள் ஒருத்தியே. அவளோ அச்சாதனத்தால் பயன்பெறுபவள்.