இடது கையில ஒரு நண்டு

இரும்புலியூர்ல பஸ் ஏறி, கம்பியைப் பிடிச்சு நிக்கிறவங்களோட இடது மேல்கையைப் பார்த்திருக்கீங்களா? நிறைய பேருக்கு ஒரு சின்னத் தழும்பு. சிலருக்கு மட்டும் பளபளன்னு மேடு, ஓரத்துல கால் முளைச்ச மாதிரி. அதுக்குப் பேர் கெலாய்டு. சாதாரணத் தழும்பு காயத்தோட எல்லையில நின்னுடும். இதுல கொலாஜன் உற்பத்தி நிக்காம ஓடும், அதனால நல்ல தோலுக்குள்ளயும் பரவும். எங்க வேலையில சொன்னா, பிரேக் இல்லாத லூப்.

பாரிஸ் தோல் மருத்துவர் அலிபேர் 1806ல இதுக்குப் புற்றுநோய் மாதிரின்னு அர்த்தம் வர்ற பேரைத்தான் முதல்ல வெச்சார். இது புற்றுநோய் இல்ல, குழப்பம் வேண்டாம்னு அப்புறம் நண்டுக் கொடுக்கைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லுக்கு மாத்தினார்.

சரி, நண்டு நம்ம கைக்கு எப்படி வந்துச்சு? காசநோய் வழியா. 1928ல டாக்டர் சவுரி முத்து தாம்பரத்துல சானடோரியம் தொடங்கினப்போ (நம்ம ரயில் ஸ்டேஷன் பேரு அதுலேர்ந்துதான்) அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காத்து, ஓய்வு, சாப்பாடு, அவ்வளவுதான். 1948ல இந்தியா பிசிஜி தடுப்பூசியைக் கையில எடுத்துச்சு, கிண்டியில தயாரிப்பு. 1955ல ராஜாஜியே இதை எதிர்த்தார். 1968ல பழைய செங்கல்பட்டு மாவட்டத்துல (தாம்பரமும் அப்போ அதுக்குள்ளதான்) பிரம்மாண்டமான சோதனை ஆரம்பிச்சுது. பெரியவங்களோட நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கலன்னு 1979ல முடிவு வந்துச்சு. ஆனா குழந்தைகளுக்கு வர்ற மூளைக் காசநோயைத் தடுக்கும். அதனால பிறந்ததும் குத்துறது நிக்கல.

பிசிஜி தோலுக்குள்ளேயே போடுற ஊசி. புண்ணாகி, ஆறி, தழும்பாகும். தோள்தசை முடியுற இடத்துல, மேல்கையோட நடுவுக்குப் பக்கத்துல போடணும். தோளுக்கு ஏத்திப் போட்டா கெலாய்டு வர்ற வாய்ப்பு பல மடங்கு கூடும். சில விரல் அகலம்தான் வித்தியாசம்! எல்லாருக்கும் வராது. குடும்பத்துல யாருக்காவது இருந்தா, கறுத்த தோலா இருந்தா, வாய்ப்பு அதிகம். காது குத்தின இடத்துலயும் இதே கதைதான்.

கல்யாணத்துக்கு முன்னாடி வெட்டி எடுத்துடலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. வெட்டுறதும் ஒரு காயம்தானே? வெறுமனே வெட்டி விட்டா, பல பேருக்குத் திரும்ப வளருது, சில சமயம் முன்னைவிடப் பெருசா. அதனால ஸ்டீராய்டு ஊசியைத் தவணை தவணையா மேட்டுக்குள்ளேயே போடுவாங்க. வெட்டினாலும் கூடவே அதையோ கதிர்வீச்சையோ சேர்ப்பாங்க. டாக்டர் கத்தியை எடுக்கிறதுக்கு முன்னாடி, "வெட்டின பிறகு என்ன சிகிச்சை?"ன்னு கேட்டுடுங்க.