ஹெப்பாள் கல்லுக்கு மண்டபம் வந்த கதை

பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகிற யாரும் ஹெப்பாள் மேம்பாலத்தைத் திட்டாமல் கடந்திருக்க மாட்டார்கள். நெரிசல் அப்படி. அந்த நெரிசலுக்குப் பக்கத்திலேயே பழைய ஹெப்பாள் ஊர் இருக்கிறது. குறுகிய தெருக்கள், கோயில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். 2018இல் அங்கே சாக்கடைக்காகப் பள்ளம் வெட்டியபோது மண்ணோடு ஒரு கல்லும் வெளியே வந்தது. அதில் எழுத்து இருந்தது.

இந்த மாதிரிக் கல்லுக்கு வழக்கமாக நேர்வது நமக்குத் தெரிந்ததுதான். துணி துவைக்கப் போட்டுக்கொள்வார்கள், வாசற்படி ஆக்குவார்கள், இல்லையென்றால் ஜல்லியோடு லாரியில் ஏற்றிவிடுவார்கள். இந்தக் கல் தப்பியதற்குக் காரணம், செய்தி போய்ச் சேர்ந்த இடம். பி.எல். உதயகுமாரும் அவருடைய நண்பர்களும் அப்போதே பெங்களூர்க் கல்வெட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பி.எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட ‘எபிகிராபியா கர்நாடிகா’ ஒன்பதாம் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் சொன்ன கல் சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று ஊர் ஊராகப் பார்க்கிற வேலை. பல இடங்களில் கல்லும் இல்லை, ஏரியும் இல்லை, அடுக்குமாடிதான் நிற்கிறது.

கல்வெட்டை வாசிக்கக் கண் மட்டும் போதாது. கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்ற வேண்டும். மை படாத குழிகள் வெள்ளை எழுத்தாக நிற்கும். இதுதான் மைப்படி. தேய்ந்த கல்லில் கீறல் எது, எழுத்து எது என்று தெரியாமல் அறிஞர்களே தடுமாறுவார்கள். இப்போது முப்பரிமாண ஸ்கேனர் வந்துவிட்டது. விரலுக்குத் தட்டாத பள்ளத்தைக்கூடத் திரையில் காட்டுகிறது. 1909இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி, 2021 முதல் பெங்களூர்ப் பகுதிக் கல்வெட்டுகளை இந்த முறையில் படியெடுத்து வருகிறது. கணக்கில் இருப்பவை சுமார் 1,500.

ஹெப்பாள் கல் சொன்ன சேதி இது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் ஆண்ட காலம். முப்பது ஊர் கொண்ட பெர்பொளல் நாட்டின் மீது ரட்டவாடிப் படை, அதாவது ராஷ்டிரகூடர் படை, பாய்கிறது. கிட்டய்யன் என்பவன் எதிர்த்து நின்று சாகிறான். எழுத்தமைதியை வைத்துச் சுமார் கி.பி. 750 என்கிறார்கள். பெங்களூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டுகளில் இதுதான் மிகப் பழையது என்பதும் ஆய்வாளர்கள் கருத்து. ‘பெங்களூர்ப் போர்’ என்று ஊர்ப் பெயரைச் சொல்லும் பேகூர்க் கல்லுக்கும் இதற்கும் இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல்.

செத்த வீரனுக்குக் கல் நடுவது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் செங்கம் பக்கம் இதே காலத்து நடுகற்கள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. மாடு மீட்டுச் செத்தவனுக்கும் ஊர் காத்துச் செத்தவனுக்கும் கல் நடுவது கன்னட நாட்டுக்கும் தமிழ் நாட்டுக்கும் பொதுச் சொத்து. போகிறவர் வருகிறவர் கண்ணில் படத்தான் அதை நட்டார்கள். அந்த வகையில் கிட்டய்யன் கல்லே ஹெப்பாளின் முதல் அறிவிப்புப் பலகை.

அதற்குப் பின் அந்த ஊர் மண்ணில் எத்தனையோ வந்து படிந்தன. ஹெப்பாள் ஏரி 1537இல் கெம்பேகௌடர் காலத்தில் வெட்டியது என்பார்கள். 1899இல் மைசூர் ராணி ரீஜண்ட் கெம்பனஞ்சம்மணி முப்பது ஏக்கர் கொடுத்து வேளாண் சோதனைப் பண்ணை தொடங்க வைத்தார். பின்னாளில் அங்கே வேளாண் பல்கலைக்கழகமே வந்தது. 2008இல் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்ததும் ஹெப்பாள், வண்டிகள் விரைந்து கடக்கிற இடமாகிவிட்டது. நெல்லும் ராகியும் விளைந்த ஊர் என்று அங்கே குடியிருக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த இடத்தில்தான் ஊர்க்காரர்களைப் பாராட்ட வேண்டும். கல்லை எடுத்துப்போய் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கலாம், பத்திரமாகவும் இருந்திருக்கும். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் கிட்டய்யன் யாரோ ஒருவன் ஆகியிருப்பான். நன்கொடை திரட்டி, கல்தூணும் கல்கூரையுமாக ஒரு சிறு மண்டபம் கட்டி, ஊரிலேயே நிறுத்தினார்கள். பெரும்பாலான கற்கள் எந்தப் பாதுகாக்கப்பட்ட சின்னப் பட்டியலிலும் இல்லை. அரசாணை வரும்வரை காத்திருந்தால் கல் மிஞ்சாது என்பதே என் கட்சி.

பெங்களூரில் தமிழ்க் கல்வெட்டுகளும் குறைவில்லை. காடுகோடியில் ராஜேந்திர சோழன் காலத்து 1043ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏரி அமைத்து மதகு வைத்த செய்தியைச் சொல்கிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளா சோமேசுவரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. மொழிக்காகச் சண்டை போடுகிறவர்கள் ஒருமுறை போய்ப் படித்துவிட்டு வந்து போடலாம்.

உங்கள் தெருவிலும் பள்ளம் வெட்டுவார்கள். எழுத்துள்ள கல் எது வந்தாலும் சுண்ணாம்பு அடிக்காதீர்கள், ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், பெயின்ட் பூசிச் சாமியாக்காதீர்கள். கிடந்த இடம் தெரியும்படி ஒரு படம் எடுத்து, தொல்லியல் துறைக்கு அன்றைக்கே சொல்லுங்கள்.