இரண்டு வீடியோக்களும் ஒரு பழைய சண்டையும்

பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் இரண்டு ஆவணப்படங்கள் வந்து விழுந்தன. சென்னைக்கு எழுத்தறிவித்ததே மிஷனரிகள்தான் என்றது முதல் படம். அவர்கள் செய்ததெல்லாம் மதம் மாற்றும் சதி என்றது இரண்டாவது. வேடிக்கை என்னவென்றால், இரண்டிலும் வந்தது ஒரே பழைய பள்ளிக்கூடப் புகைப்படம். பின்னணி இசை மட்டும்தான் வேறு. ராத்திரிக்குள் வார்த்தை தடித்து, ஒரு பெண் குழுவை விட்டே போய்விட்டாள். யாரென்று உங்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

நான் கச்சேரி ரோட்டுக்காரி. ஒரு கோடியில் கபாலி கோயில், மறு கோடியில் சாந்தோம். இரண்டு மணியோசையும் கேட்டு வளர்ந்தவள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவள்தான், ஆராய்ச்சியாளர் இல்லை. ஆனால் சமூக அறிவியல் நடத்திய பழக்கத்தில் இரண்டு படத்தையும் பார்த்தேன். இரண்டுமே விட்டுவிட்ட கதையைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. சாந்தோம் கத்தோலிக்கர்களுடையது. நான் பேசப்போவது பிரிட்டனிலிருந்து வந்த இவாஞ்சலிக்கல் புராட்டஸ்டன்ட்களைப் பற்றி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆரம்பத்தில் இவர்களைக் கண்டாலே பயம். 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு அந்தப் பயம் கூடியது. மதத்தைத் தொட்டால் வியாபாரம் கெடும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் லண்டனில் வில்பர்ஃபோர்ஸும், கம்பெனியின் இயக்குநராகவே இருந்த சார்லஸ் கிராண்டும் விடவில்லை. பாராளுமன்றத்துக்கு 800-க்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. 1813 சாசனச் சட்டம் மிஷனரிகளுக்குக் கதவைத் திறந்தது.

1836-ல் சென்னையில் பிஷப் கோரி முன்னின்று, சுமார் 200 பேர் கையெழுத்திட்டு அரசுக்கு ஒரு மனு போனது. கோயில் நிர்வாகத்திலும் திருவிழாவிலும் கம்பெனி அரசு தலையிடக்கூடாது, கிறிஸ்தவ அதிகாரிகளையும் சிப்பாய்களையும் அதற்கு அனுப்பக்கூடாது என்று. அரசு மறுத்தது. சென்னைப் படையின் தலைமைத் தளபதி மெயிட்லண்ட் 1838-ல் பதவியையே விட்டார். பிறகு 1840-களில் அரசு கோயில் நிர்வாகத்திலிருந்து ஒதுங்கத் தொடங்கி, 1863 சட்டத்தோடு அது முடிந்தது. கோயிலை விட்டு அரசு வெளியேற வேண்டும் என்று அன்றைக்குக் குரல் கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள்! இதை இரண்டு படமும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் வசதிப்படவில்லை போலிருக்கிறது.

அடுத்தது பள்ளிக்கூடம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் 1837-ல் ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னாளில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1841-ல் அங்கே படித்த இரண்டு இளைஞர்கள் ஞானஸ்நானம் பெற்றதும் ஊரே கொந்தளித்தது. பிள்ளைகளை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே பச்சையப்பர் அறக்கட்டளைப் பணத்தில் இந்துப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி திறந்தது.

1846-ல் கவர்னர் ட்வீடேல் பிரபு, அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக வைக்கலாம் என்று குறிப்பு எழுதினார். அதே காலத்தில் திருநெல்வேலிக் கலவர வழக்கில் தண்டனை பெற்றவர்களை விடுவித்த சதர் நீதிமன்ற நீதிபதி மால்கம் லெவின், கவர்னரோடு மோதிப் பதவி இழந்தார். வணிகர் காஜுலு லட்சுமிநரசு செட்டி அக்டோபரில் பொதுக்கூட்டம் கூட்டினார். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு லண்டனுக்குப் போனது. 1847-ல் கம்பெனி இயக்குநர்கள் பைபிள் திட்டத்தை நிராகரித்தார்கள். அந்தச் சூட்டில் உருவான தலைமைதான் 1852-ல் சென்னை சுதேசி சங்கத்தை ஆரம்பித்தது. தென்னாட்டின் முதல் அரசியல் அமைப்பு அது.

இப்போது ஆவண விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கும் இரண்டு 'வீடியோ' இருந்தது. ஆண்டர்சன் தரப்புக்கு 'நேட்டிவ் ஹெரால்டு' பத்திரிகை. செட்டியார் தரப்புக்கு 1844-ல் அவர் தொடங்கிய 'கிரசென்ட்'. அதன் ஆசிரியர் ஹார்லி என்ற வெள்ளைக்காரர்! மிஷனரிகள் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் படிக்கிறவர்கள் நன்கொடையாளர்கள். பணம் அனுப்புகிறவருக்கு என்ன பிடிக்குமோ அது அதில் தூக்கலாக இருக்கும். மனு எழுதியவர்கள் லண்டனைப் பயமுறுத்த வேண்டியிருந்தது. அதில் ஆபத்து தூக்கலாக இருக்கும். பொய் என்று சொல்லவில்லை. யாருக்காக எழுதினார்கள் என்று பார்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

இரண்டிலும் அதிகம் கேட்காத குரல் ஒன்று உண்டு. 1838-ல் ஆண்டர்சன் பள்ளியில் பறையர் பிள்ளைகள் சேர்ந்தபோது, மற்ற சாதிப் பிள்ளைகள் பலர் வெளியேறினார்கள். அவர்களை நீக்க ஆண்டர்சன் சம்மதிக்கவில்லை. பச்சையப்பர் பள்ளியின் கதவு அந்தப் பிள்ளைகளுக்குத் திறக்க 1920-கள் ஆயிற்று. 1890-களில் செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கூடி போன்ற மிஷனரிகள் அரசை நெருக்கினார்கள். கலெக்டர் டிரெமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசுகிறோமே, அதன் வேர் அங்கே. அதுவும் இவாஞ்சலிக்கல் அரசியல் செல்வாக்குதான். பைபிள் பாடத்துக்கு அலைந்ததும் அதே செல்வாக்குதான். நாணயத்தில் ஒரு பக்கத்தைச் சுரண்டிவிட்டால் அது செல்லாக்காசு.

இனி நான் ஒத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. பல வருஷத்துக்கு முன் ஏழாம் வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும்போது, "பால்பவுடரும் பன்னும் கொடுத்து ஆள் சேர்த்தார்கள்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் குனிந்த தலை நிமிரவில்லை. அன்றைக்கு நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரி மணி அடிக்கும்வரை பாடத்தைத் தொடர்ந்தேன். போன வாரம் குழுவை விட்டுப் போனவளும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர், எங்க ஆயா மிஷன் ஸ்கூல்லதான் படிச்சாங்க. பன்னெல்லாம் யாரும் தரலை. மாசா மாசம் ஃபீஸ் கேட்டு வெளியே நிக்க வெச்சாங்கன்னுதான் சொல்லுவாங்க" என்றாள். இருவருமே சிரித்துவிட்டோம். அவள் ஆயா சொன்னது எந்தப் படத்திலும் வரவில்லை பாருங்கள்.

குழு அட்மினுக்கு ஒரு வேண்டுகோள். அவளை மறுபடி சேர்த்துவிடு, தம்பி. கேட்டுவிட்டேன், வருகிறேன் என்றாள். மற்றவர்களுக்கு: அடுத்த வீடியோவை அனுப்புவதற்கு முன், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தப் பள்ளியில் படித்தார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யாரை உட்கார விடவில்லை என்று கேட்டு இங்கே எழுதுங்கள். படித்துவிட்டுப் பதில் போடுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் வழக்கம்போல் சிவப்பு மை உண்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்