ஆல்ஃபிரெடோவும் கொல்லிமலைத் தினையும்: வீட்ல செஞ்சா ஏன் அப்படி வரமாட்டேங்குது?

ரெஸ்டாரண்ட்ல சாப்பிட்ட வைட் சாஸ் பாஸ்தாவை வீட்ல செஞ்சு பார்க்காத ஆள் நம்ம வயசுல ரொம்பக் குறைவு. யூடியூப்ல ரெசிபி இருக்கு, சூப்பர் மார்க்கெட்ல பாக்கெட் இருக்கு, ஃப்ரிட்ஜ்ல சீஸ் இருக்கு. ஆனாலும் தட்டுக்கு வர்றது வேற ஒண்ணு. சாஸ் ஒரு பக்கம் நிக்குது, பாஸ்தா ஒரு பக்கம் நிக்குது.

இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியோட வரலாறு. ரோம்ல ஒரு சின்ன உணவகத்துல ஆரம்பிச்சு, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில இருக்கிற சோளக்காடு வரைக்கும் போகப் போறோம். ஏன் சோளக்காடு? நம்ம கடைகள்ல இப்போ ‘தினை பாஸ்தா’னு ஒரு பாக்கெட் வந்திருக்கு. அந்தத் தினையும் சாமையும் தலைமுறை தலைமுறையா விளைஞ்ச மலை அது. ஒரு சாப்பாடு வீட்டுக்குள்ள வர்றதுக்கும், வீட்டை விட்டுப் போறதுக்கும் என்ன காரணம்ங்கிறதை அந்த மலை நல்லாவே சொல்லிக் கொடுக்குது.

வெண்ணெய், சீஸ், அவ்வளவுதான்

1908. ரோம்ல ஆல்ஃபிரெடோ டி லெலியோ தன் அம்மாவோட உணவகத்துல வேலை பார்த்துட்டு இருந்தார். குழந்தை பிறந்த பிறகு அவர் மனைவிக்குச் சாப்பாடே இறங்கலை. அவங்களுக்காக முட்டை சேர்த்துப் பிசைந்த நாடா மாதிரியான ஃபெட்டுச்சினியில வெண்ணெயும் பார்மிசான் சீஸும் நிறையப் போட்டுப் பிரட்டிக் கொடுத்தார்னு அவங்க குடும்பத்துல சொல்றாங்க. வெண்ணெய் பாஸ்தா இத்தாலிக்குப் புதுசு இல்லை. நம்ம ஊர்ல உடம்பு சரியில்லாதவங்களுக்கு ரசம் சாதம் மாதிரி, அங்க அது வீட்டுச் சாப்பாடு.

1914ல அவர் வியா டெல்லா ஸ்க்ரோஃபா தெருவுல சொந்தமா உணவகம் திறந்தார். 1920ல ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்ஸும் தேனிலவுக்கு ரோம் வந்து அதைச் சாப்பிட்டாங்க. பிறகு அவருக்குத் தங்கத்துல ஃபோர்க்கும் ஸ்பூனும் பரிசாக் கொடுத்தாங்க. விருந்தாளியோட மேசையிலேயே ஆல்ஃபிரெடோ அந்தத் தங்க ஸ்பூனால பாஸ்தாவைப் பிரட்டுறது ஒரு காட்சியாகவே ஆயிடுச்சு.

இந்த இடத்துல கொஞ்சம் நிப்போம். அவர் சாஸ்ல க்ரீம் இல்லை, பால் இல்லை, மைதா இல்லை. சூடான பாஸ்தா, வெண்ணெய், சீஸ், கூடவே பாஸ்தா வெந்த தண்ணி கொஞ்சம். மாவுச்சத்து கரைஞ்ச அந்தத் தண்ணிதான் கொழுப்பையும் சீஸையும் பிரிய விடாமல் ஒண்ணாப் பிடிச்சு வைக்குது. மேசையில நடந்த அந்தப் பிரட்டல், சாஸ் உருவாகிற நேரம்.

அமெரிக்காவுக்குத் திரும்பினவங்க அதை வீட்ல செய்ய நினைச்சாங்க. அன்னைக்குச் செஞ்ச ஃபெட்டுச்சினி இல்லை. இத்தாலியில கிடைக்கிற மாதிரி சீஸ் இல்லை. முக்கியமா, பிரட்டுற அந்தக் கை இல்லை. அதனால க்ரீம் உள்ளே வந்தது. க்ரீம்ல கொழுப்பும் தண்ணியும் ஏற்கெனவே கலந்தே இருக்கு. யார் ஊத்தினாலும் சாஸ் பிரியாது. 1966ல பென்சில்வேனியா டச்சு நூடுல் கம்பெனி வித்த ஃபெட்டுச்சினி பாக்கெட்ல அச்சடிச்ச ரெசிபியிலேயே க்ரீமும் ஸ்விஸ் சீஸும் இருந்தது. இன்னைக்கு உலகம் ‘ஆல்ஃபிரெடோ’னு சொல்றது பெரும்பாலும் இந்த வீட்டு வடிவத்தைத்தான்.

நம்ம ஊருக்கு வந்தப்போ இன்னொரு அடுக்கு சேர்ந்தது. வெண்ணெயில மைதாவை வறுத்து, பால் ஊத்திக் கெட்டியாக்குற முறை. பிரெஞ்சுச் சமையல்ல இதுக்கு பெஷமெல்னு பேரு. பாஸ்தாத் தண்ணியில இருக்க வேண்டிய மாவுச்சத்தை மைதாவா நேரடியாப் போட்டுடுறோம். கூடவே பதப்படுத்தின சீஸ். சீஸ் உருகும்போது பிரியாமல் இருக்க அதுல உப்புகள் சேர்த்திருப்பாங்க. அந்த வேதியியலை 1911ல சுவிட்சர்லாந்துல கண்டுபிடிச்சாங்க. ரோம் சமையல்காரர் கை செஞ்ச வேலையை நம்ம சமையலறையில மைதாவும் இந்த உப்பும் பங்கு போட்டுச் செய்யுது.

ஆக, ரெசிபியில இருந்து ஒரு வேலையை எடுத்தா, அதை வேற யாராவது, இல்லைன்னா வேற ஏதாவது செஞ்சே ஆகணும். கொல்லிமலைக்கு இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துட்டுப் போவோம்.

பேர்ல இத்தாலி இருக்கிற தானியம்

தினையோட அறிவியல் பேர் செட்டாரியா இட்டாலிக்கா. 1753ல லின்னேயஸ் அதுக்குப் பேர் வச்சப்போவே ‘இட்டாலிக்கா’ ஒட்டிக்கிச்சு. பழைய ஆங்கில விவசாயப் புத்தகங்கள்லயும் அது இத்தாலியத் தினைதான். ஆனா முதல்ல அதைப் பயிராக்கினது வட சீனாவுல, எட்டாயிரம் வருஷத்துக்கும் முன்னாடி. நமக்கும் அது பழசு. சங்க இலக்கியத்துல குறிஞ்சி நிலம்னாலே தினைப்புனமும், கிளி ஓட்டுற பெண்ணும்தான். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியும் அந்தக் காலத்து ஆள்.

காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினா மேல சோளக்காடு. சந்தையில பலாவும் அன்னாசியும் மிளகும் காபியும் கிடைக்கும். மலையில பெரும்பான்மையா வாழ்றவங்க மலையாளிப் பழங்குடியினர். பேரைக் கேட்டுக் கேரளான்னு நினைக்காதீங்க; தமிழ் பேசுறவங்க. அவங்க வயல்கள்ல ஒரே சாமை, ஒரே தினை இருந்ததில்லை. மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, செந்தினை, பெருந்தினை, மூக்கன் தினைன்னு ரகங்கள் பல.

அப்புறம் மரவள்ளி வந்தது. சேலம் பக்கம் குச்சிக்கிழங்குன்னு சொல்வோமே, அதுதான். இரண்டாம் உலகப் போர் சமயத்துல வெளிநாட்டு மாவு இறக்குமதி தடைபட்டதால சேலத்துல ஜவ்வரிசித் தயாரிப்பு ஆரம்பிச்சு, பெரிய தொழிலாகவே வளர்ந்தது. 1981ல அதுக்குன்னு சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. ஆலைக்குக் கிழங்கு வேணும்; மலையில நிலம் இருக்கு. சாமை, தினை விளைஞ்ச நிலம் கிழங்குக்கு மாறிச்சு. கிழங்கு வித்த காசு கையில, ரேஷன் அரிசி அடுப்புல.

சந்தை விலை மட்டும்தான் காரணம்னா இது ரொம்ப எளிமையான கதையா முடிஞ்சிருக்கும். ஆனா ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. கேழ்வரகு மட்டும் ஏன் மற்ற சிறுதானியங்களை விட நல்லாத் தாக்குப்பிடிச்சது?

பதில் உமியில இருக்கு. கேழ்வரகைத் தோல் நீக்க வேண்டியதில்லை. எந்த மாவு மில்லுக்கும் கொண்டு போய் அரைச்சுக்கலாம். சாமைக்கும் தினைக்கும் கெட்டியான உமி. திருகையில சுத்தி, உரல்ல குத்தி, முறத்துல புடைச்சு, மறுபடியும் குத்தணும். ஒரு வேளைச் சோத்துக்கு மணிக்கணக்குல உழைப்பு, அதுவும் வயல் வேலை முடிச்சு வந்த பெண்களோட உழைப்பு. ரேஷன் அரிசி வந்தப்போ அந்தப் பெண்கள் உலக்கையைக் கீழ வச்சதுல எந்தத் தப்பும் இல்லை. ‘பாரம்பரியத்தை மறந்துட்டோம்’னு சிட்டியில உக்காந்து புலம்புறவங்க இந்த உலக்கையை ஒரு மணி நேரம் பிடிச்சுப் பார்க்கலாம்.

1990கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில வேலையைத் தொடங்கிச்சு. ரகங்களைச் சேகரிச்சாங்க, விதை வங்கிகள் அமைச்சாங்க. ஆனா சாப்பாட்டுத் தட்டை நேரடியாத் தொட்டது இன்னொரு வேலை. கிராமங்கள்ல தோல் நீக்குற, அரைக்குற சின்ன இயந்திரங்களை வச்சு, மகளிர் சுய உதவிக் குழுக்கள் கையில கொடுத்தாங்க. அந்தப் பெண்கள் சாமை ரவை, தினை மாவு, கேழ்வரகு மால்ட்னு செஞ்சு மலையோட பேர்லயே வித்தாங்க. கிழங்கு முழுசா விலகிடலை. ஆனா சாமையை உலக்கை இல்லாமலும் சாப்பிட முடியும்ங்கிற நிலைமை வந்தது. ரோம்ல கையை க்ரீம் மாத்தின மாதிரி, இங்க உலக்கையை மோட்டார் மாத்திச்சு.

தினை பாஸ்தா, கொங்கு முறையில

சரி, நம்ம அடுப்புக்கு வருவோம். கோதுமையில குளூட்டன் இருக்கு. வலை மாதிரி பின்னிக்கிட்டு பாஸ்தாவை உடையாம வச்சிருக்கும். தினையில அது கிடையாது. மாவைப் பச்சையாப் பிசைஞ்சு பிழிஞ்சு கொதிக்கிற தண்ணியில போட்டா கூழ்தான்.

இந்தப் பிரச்சினைக்குக் கொங்கு நாடு ஏற்கெனவே தீர்வு வச்சிருக்கு: சந்தகை. ஊற வச்ச அரிசியை அரைச்சு, இட்லியா வேக வச்சு, சூடு ஆறுறதுக்குள்ள சந்தகை அச்சுல பிழியுறது. ஆவியில வெந்ததும் மாவுச்சத்து வீங்கிப் பசை ஆயிடும்; குளூட்டன் செய்ய வேண்டிய வேலையை அந்தப் பசை செய்யும். ஆறிட்டா இறுகிடும், அச்சுல இறங்காது. குளூட்டன் இல்லாத பாஸ்தாவைத் தொழிற்சாலையில செய்யும்போதும் மாவை முன்கூட்டியே வேக வைக்கிற இதே யோசனை உதவுது.

பாதி தினை, பாதி இட்லி அரிசி. நாலு மணி நேரம் ஊற வச்சு, நைசா, கெட்டியா அரைச்சு, உப்புப் போட்டு, இட்லித் தட்டுல 15 நிமிஷம். சுடச்சுடப் பிழிஞ்சுடுங்க.

சாஸுக்கு ஒரு சிக்கல் இருக்கு: ஆவியில வெந்ததால பாஸ்தாத் தண்ணியே கிடையாது. இதுக்கு இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் உதவிக்கு வர்றாங்க. சீஸும் மிளகும் மட்டுமே சேர்ற காச்சோ எ பெப்பே பாஸ்தாவை ஆராய்ஞ்சு 2025ல இக் நோபல் பரிசு வாங்கினவங்க. சீஸ் எடையில 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தா சாஸ் திரியாது, 1 சதவீதத்துக்குக் கீழ போனா கட்டி கட்டும்னு அளந்து சொன்னாங்க. அதாவது 100 கிராம் சீஸுக்கு 2 அல்லது 3 கிராம் சோள மாவு. அதைத் தண்ணியில கரைச்சு, கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும் காய்ச்சி, கொஞ்சம் ஆறினதும் துருவின சீஸைச் சேர்த்து அடிங்க. கூட வெண்ணெய், கடைசியா இடிச்ச மிளகு. கொல்லிமலை மிளகு கிடைச்சா இன்னும் நல்லது. அடுப்பை அணைச்சுட்டுத்தான் சந்தகையோட சேர்த்துப் பிரட்டணும்.

இது ரெஸ்டாரண்ட் பாஸ்தா மாதிரியே இருக்குமான்னு கேட்டா, இருக்காது. இழை குட்டையா இருக்கும், தினையோட லேசான கசப்பும் வாசனையும் தெரியும். ஆனா சாஸ் பிரியாது.

கடையில பாக்கெட்டாவே வாங்குறீங்கன்னா, பின்பக்கம் திருப்பிப் பாருங்க. சேர்மானங்களை எடை அதிகமா இருக்கிறதுல இருந்து வரிசையா எழுதணும்ங்கிறது விதி. முன்பக்கம் பெரிய எழுத்துல தினை, பின்பக்கம் முதல் பேர் கோதுமை ரவைன்னா, அது தினை வாசனை பட்ட கோதுமை பாஸ்தா. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டா அறிவிச்ச பிறகு இந்த மாதிரி பாக்கெட் நிறைய வருது. தினை எவ்வளவு இருக்கு, எங்க விளைஞ்சது, தோல் நீக்கினது யாருங்கிற மூணு கேள்வியையும் கேட்டு வாங்கினாத்தான் நம்ம காசு அந்த 70 வளைவும் ஏறி மேல போகும்.

சந்தகை அச்சு உங்க பாட்டி வீட்டுப் பரண்ல இருந்தா இறக்கி வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.