மூன்று விரல்களும் ஐந்து மாணவர்களும்

சூசன் காலின்ஸ் நாவலிலிருந்து 2013இல் வந்த 'ஹங்கர் கேம்ஸ்' இரண்டாம் படத்தில் ஒரு காட்சி. வயல்வேலை செய்யும் மாவட்டம். பெரும்பாலும் கறுப்பின மக்கள். அந்த ஊர்ச் சிறுமி ரூ, அரசு நடத்தும் கொலை விளையாட்டில் செத்திருக்கிறாள். (ரூவாகக் கறுப்பினச் சிறுமி நடித்ததற்கே 2012இல் ட்விட்டரில் வசைபாடினார்கள்.) அவளுக்காகக் கதாநாயகி பேசி முடித்ததும், ஒரு கிழவர் மூன்று விரல்களை உயர்த்துகிறார். கூட்டமே உயர்த்துகிறது. படையினர் அவரை இழுத்துவந்து சுடுகிறார்கள். கதாநாயகி ரயிலேறிப் போகிறாள். கிழவரின் பெயர் சொல்லப்படுவதே இல்லை.

2014 மே 22 அன்று தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ அரசியலுக்காகக் கூடத் தடை. பதாகை பிடித்தால் பிடுங்குவார்கள். விரலைப் பிடுங்க முடியாதே. சில நாட்களில் பாங்காக் தெருக்களில் மூன்று விரல்கள் எழுந்தன.

நவம்பர் 19, கோன் கென் நகரம். ராணுவ ஆட்சியின் தலைவர் பிரயுத் பேசும்போது ஐந்து மாணவர்கள் மேடை முன் நின்று விரல்களை உயர்த்தினார்கள். மறுநாள் அடுத்த பாகம் வெளியானது. பாங்காக்கில் ஒரு திரையரங்கம் காட்சிகளை ரத்து செய்தது. உலகப் பத்திரிகைகளுக்குச் சினிமா கதைதான் ருசித்தது. ஐவர் யார்? 'தாவோ தின்' குழுவின் சட்ட மாணவர்கள். லோய் மாகாணத்தில் தங்கச் சுரங்கத்தை எதிர்த்த கிராமத்தாரோடு நின்ற குழு அது. படம் தந்தது சைகை மட்டுமே. துணிச்சல் அந்தக் கிராமங்களில் வந்தது என்றே நினைக்கிறேன்.

ஐவரில் ஒருவர் ஜதுபத். 2016இல் மன்னர் பற்றிய பிபிசி கட்டுரையை ஃபேஸ்புக்கில் பகிர்ந்ததற்காகக் கைதானார். இரண்டரை ஆண்டு தண்டனை. 2019 மே மாதம்தான் வெளியே வந்தார்.