கொழுப்பு மிகையா, தசைக் குறையா? ஒரு மருத்துவக் குறிப்பின் மறுவாசிப்பு

மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு மிகுந்திருப்பது தென்னாசியரின் பிறவி உடல்வாகு என்ற கருத்து, பிரிட்டனில் சிறுபான்மையராக வாழும் நம்மவரை ஆராய்ந்தோரிடையே வேரூன்றி, இங்குள்ள மருத்துவ எழுத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அதற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் வெளியிட்ட சிறு குறிப்பு. அந்தச் சான்று இந்தக் கருத்தைத் தாங்காது என்பதே என் வாதம்.

குறிப்பிலுள்ள புகைப்படத்தில் ஆசிரியர் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் இந்த எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் குறிப்பு அதோடு முடியவில்லை. யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக் ஓடுவதெல்லாம் மருத்துவமனை லிஃப்டின் கதவு மூடுவதற்குள் ஏறிக்கொள்ளத்தான். மேலும், யாஜ்னிக் எடை குறைந்து பிறந்தவர். மரபணுவின் பங்கு இனிமேல்தான் தெளிவாக வேண்டும் என்று ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேரை வைத்து எந்த இனத்தைப் பற்றியும் எதையும் நிறுவ முடியாதுதான். எனினும் குறிப்பு சுட்டுவது வாழ்க்கை முறையையும் கருப்பைக் காலத்தையும்; குலத்தை அல்ல.

யாஜ்னிக் குழுவினர் 2003இல் வெளியிட்ட புனே ஊரக ஆய்வு இதைவிட உறுதியான சான்று. அங்கே சராசரிப் பிறப்பெடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. புனேக் குழந்தைகளின் நடுக்கைச் சுற்றும் வயிற்றுச் சுற்றும் வெகுவாகக் குறைந்திருந்தன. தோள்பட்டைக்குக் கீழே கிள்ளி அளந்த தோல்மடிப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆக, கொழுப்பு கூடிவிடவில்லை. தசையும் உள்ளுறுப்பும் போதிய அளவு உருவாகவில்லை. தாய்மாரின் சராசரி உடல் நிறைக் குறியீடு 18.1 என்பதை இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பல பத்தாண்டுகள் பிரிட்டனில் வாழ்ந்தும் தென்னாசியரின் நீரிழிவு ஆபத்து தொடர்கிறதே என்பார்கள். ஒரு தலைமுறை வயிறார உண்டதால் மட்டும் பல தலைமுறைக் குறை தீர்ந்துவிடாது. இந்த மறுப்புக்கு இதற்கு மேல் இடம் தரத் தேவையில்லை.

உடல் நிறைக் குறியீட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைத் தேனி மாவட்டத்துக் கோம்பைப் பக்கம் எண்ணிப் பார்க்கலாம். ஆசியருக்கென உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் பரிந்துரைத்த 23 என்ற எச்சரிக்கை எல்லை, விடியுமுன் ஜீப்பேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் மெலிந்த பெண்களையும், மலைச்சரிவில் வாழும் பளியர் பழங்குடியினரையும் ஆபத்தில்லாதவர்களாகக் காட்டிவிடக்கூடும். அவர்கள் நம்பியிருக்கும் ரேஷனில் பெரும்பாலான அட்டைகளுக்கு அரிசி மாதம் 20 கிலோ வரை விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு ஒரு கிலோதான். தசை வளர இந்த விகிதம் உதவாது.

2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்தப் பதிவில், தெரிந்தவர்களுக்கேனும், பிறப்பெடையும் ஏற வேண்டும். கர்ப்பிணி இருக்கும் வீட்டின் அட்டைக்குப் பருப்பின் அளவைக் கூட்ட வேண்டும்.